கறையா, தழும்பா? வீட்டுக் கல் பரப்புகளைச் சரிசெய்து சீலர் போட ஒரு முழு வழிகாட்டி

சமையல் மேடையில் பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துபோகிறோம். மறுநாள் காலையில் மார்பிளில் அந்த இடத்தில் ஒரு வெளிறிய வளையம். துடைத்தால் போகவில்லை, சோப்பு போட்டும் போகவில்லை. யாரைக் கேட்டாலும் "சீலர் போடுங்க" என்கிறார்கள், அதாவது கல்லுக்குள் கறை இறங்காமல் தடுக்கும் பூச்சு. வாங்கிப் பூசினால் வளையம் அப்படியே இருக்கிறது, இப்போது அதன்மேல் சீலரும் இருக்கிறது.

கல் வேலையில் காசும் உழைப்பும் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்த வளையம் கறை இல்லை. கறை என்றால் ஏதோ ஒன்று கல்லுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அதை வெளியே இழுக்க வழி உண்டு. அந்த வளையமோ தழும்பு. அமிலம் பட்டு கல்லே கொஞ்சம் கரைந்து போயிருக்கிறது. கரைந்துபோன கல்லை எந்தத் திரவமும் திருப்பித் தராது. சுற்றியுள்ள பரப்பையும் சேர்த்துத் தேய்த்து, மறுபடி மெருகேற்றினால்தான் மறையும்.

இரண்டையும் பிரித்தறிவது சுலபம். கறை பெரும்பாலும் கல்லின் நிறத்தைவிட இருட்டாக இருக்கும். நேராகப் பார்த்தாலும் சாய்வாகப் பார்த்தாலும் தெரியும். தழும்பு வெளிறியிருக்கும், தலையைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் கோணத்தில் பார்த்தால்தான் முழு வடிவமும் தெரியும். இன்னும் சந்தேகமா? அந்த இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். ஈரம் இருக்கும்வரை மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது தழும்பு. இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் படி: இது என்ன கல்?

வாங்கும்போது சொன்ன பெயரை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். கல் வியாபாரத்தில் பெயர்கள் விற்பனைக்காக வைக்கப்படுபவை. "கறுப்பு கிரானைட்" என்று வருவதில் பலவும் புவியியல் கணக்கில் கிரானைட்டே இல்லை. காப்ரோ, டாலரைட் வகையறா. "குவார்ட்சைட்" என்று சொல்லி டோலமைட் மார்பிளைத் தருவதும் உண்டு. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. அந்தப் பெயரை வைத்துத்தான் எந்த மருந்து என்று முடிவு செய்யப்போகிறோம்.

வீட்டில் நாம் பார்க்கும் கற்களைப் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒன்று சுண்ணாம்புக் குடும்பம்: மார்பிள், சுண்ணாம்புக்கல், டிராவர்டைன், ஓனிக்ஸ். கடப்பா, கோட்டா என்று நாம் சொல்லும் கற்களும் சுண்ணாம்புக்கல்தான். இவற்றில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது கால்சைட் போன்ற கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவில் கால்சைட்டுக்கு 3தான். கத்தியால் கீறலாம், எலுமிச்சையும் வினிகரும் பட்டால் கரையும். மற்றது சிலிக்கா குடும்பம்: கிரானைட், அசல் குவார்ட்சைட், பெரும்பாலான மணற்கல், ஸ்லேட். குவார்ட்ஸின் கடினத்தன்மை 7, ஃபெல்ட்ஸ்பாருக்கு 6. கிரானைட்டைச் சாதாரணக் கத்தி கீறாது, வினிகர் அசைக்காது.

சோதிக்க இரண்டு வழி. வெளியே தெரியாத மூலையில், சிங்க்குக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ, ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். நுரைத்தாலோ, காய்ந்தபின் அந்த இடம் மங்கியிருந்தாலோ சுண்ணாம்புக் குடும்பம். இதே குடும்பத்து டோலமைட் மார்பிள் மெதுவாகத்தான் கரையும், நுரை தெரியாது. அதனால் நுரையைவிட மங்கலைப் பாருங்கள். மணற்கல்லிலும் இதைச் செய்துவிடுங்கள். சில மணற்கற்களில் மணலை ஒட்டிப்பிடித்திருப்பதே கால்சைட்தான். அடுத்தது கீறல் சோதனை: கல்லின் உடைந்த துண்டு ஒன்று கையில் இருந்தால் பழைய கண்ணாடித் துண்டில் அழுத்திக் கீறுங்கள். அசல் குவார்ட்சைட் கண்ணாடியில் ஆழமாகக் கோடு போடும். மார்பிள் வழுக்கிக்கொண்டு போகும்.

இரண்டு விதிவிலக்குகள். "பச்சை மார்பிள்" என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை செர்பென்டைன். வினிகர் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் தண்ணீர் ஊறினால் பலகை வளையும். அதன்மேல் தண்ணீரைத் தேக்கி வேலை செய்யக்கூடாது. இன்னொன்று, குவார்ட்ஸ் தூளை ரெசினில் குழைத்துச் செய்த செயற்கைப் பலகை. அதற்குச் சீலரே தேவையில்லை. இந்தக் கட்டுரையில் வரும் சீரமைப்பு முறைகள் அதற்குப் பொருந்தாது.

இரண்டாம் படி: கழுவுதல்

கழுவும் முன் பெருக்குங்கள். சொல்லவே வேண்டாத விஷயம்தான், ஆனால் மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், கடினத்தன்மை 7. மார்பிள் தரைக்கு 3. செருப்பில் வரும் மணலோடு நடப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். வாசலில் ஒரு நல்ல கால்மிதி போட்டால் பாலிஷ் செலவு பாதியாகக் குறையும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

வெதுவெதுப்பான தண்ணீர், பிஎச் 7-ஐ ஒட்டிய, அதாவது அமிலமோ காரமோ இல்லாத நியூட்ரல் கிளீனர், மென்மையான துணி. இவ்வளவுதான் வேண்டும். கிளீனர் அளவு கூடினால் சுத்தம் கூடாது, படலம்தான் படியும். கடைசியில் நல்ல தண்ணீரில் ஒருமுறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

செய்யக்கூடாதது ஒன்றை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். குளியலறையில் டைல்ஸ் ஒட்டி முடித்த அன்று, வேலை செய்தவர் சிமெண்ட் படலத்தை எடுக்க ஆசிட் ஊற்றிக் கழுவினார். டைல்ஸ் பளிச்சென்று ஆனது. கதவடியில் ஒரே ஒரு மார்பிள் படி இருந்தது. அதில் ஆசிட் ஓடிய பாதை அப்படியே வரைபடம் மாதிரி பதிந்தது. விரலால் தடவினால் சுண்ணாம்புக்கட்டியைத் தொடுவது போலச் சொரசொரப்பு, நுனியில் வெள்ளைத் தூள். அந்தப் படியைத் திரும்பக் கொண்டுவர எனக்கு இரண்டு விடுமுறை நாட்கள் பிடித்தன. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நேரடியாகப் படவே வேண்டியதில்லை, மூடிய அறையில் அதன் புகையே பக்கத்து மார்பிளை மங்கவைக்கும். உப்புப் படிவத்தை நீக்கும் குளியலறைத் திரவங்களிலும் பெரும்பாலும் அமிலம்தான் இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு, சுண்ணாம்புக் குடும்பக் கல்லிலிருந்து தள்ளி வையுங்கள்.

குளியலறைச் சுவர்க் கல்லில் சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து படியும் வெள்ளைப் படலத்துக்கு, 4 லிட்டர் தண்ணீரில் சுமார் 120 மில்லி வீட்டு உபயோக அமோனியா கலந்து துடைக்கலாம். எப்போதாவது செய்யலாம், வாரா வாரம் செய்தால் மெருகு மங்கும். அமோனியாவையும் பிளீச்சையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், ஒன்றைக் கழுவாமல் அதன்மேல் மற்றதை ஊற்றவும் கூடாது. நச்சு வாயு கிளம்பும். பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின். பாலிஷ் போட்ட கிரானைட்டில் குழாயைச் சுற்றிப் படியும் உப்புக்கு மருந்தே வேண்டாம். ஈரமாக்கி, புது பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துச் சுரண்டினால் தகடாக உரிந்து வரும்.

வெளிப்புறக் கல்லில் பாசி பிடித்திருந்தால் நாரும் பிரஷும் தண்ணீரும் முதலில். போகவில்லை என்றால் பாசிக்கென்றே விற்கும், அமிலமில்லாத மருந்தைத் தெளித்து ஊறவிட்டுப் பிறகு தேயுங்கள். பிரஷர் வாஷரை மணற்கல்லின் பக்கத்தில் வைத்து அடித்தால் பாசியோடு கல்லின் தோலும் உரியும், தெரிந்துகொள்ளுங்கள்.

கல் உப்புப் பூத்திருந்தால் அது வேறு கதை. வெள்ளைத் தூள் மாதிரி வருகிறதே, அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய், காய்ந்ததும் மறுபடி பூக்கும். உலர்ந்த பிரஷால் தட்டி, தூளை வாரி எடுத்துவிடுங்கள். அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: கசியும் குழாய், சுவரடி ஓதம், செடித்தொட்டி. அதை அடைக்காமல் சீலர் போட்டால் உப்பு வெளியே வர முடியாமல் கல்லுக்குள்ளேயே படிகமாகி, மேல்தோலைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும்.

மூன்றாம் படி: கறைக்குப் பத்து போடுதல்

அடிபட்ட இடத்துக்குப் பத்து போடுகிறோமே, கல்லுக்கும் அதேதான். வெள்ளைத் தூளைக் கறைக்கு ஏற்ற திரவத்தில் குழைத்து அப்பி, காயவிட்டு எடுப்பது. தாஜ்மஹாலின் மஞ்சளித்த மார்பிளுக்கு இந்தியத் தொல்லியல் துறை 1994 முதல் பலமுறை செய்திருப்பதும் இதுதான். முல்தானி மிட்டி களிமண் பத்து.

தூளுக்கு கயோலின் களிமண், டயட்டம் மண், சமையல் சோடா எது கிடைத்தாலும் சரி. எதுவும் கிடைக்காவிட்டால் அச்சு இல்லாத வெள்ளை டிஷ்யூ காகிதத்தை மடித்து நனைத்துப் போடலாம். முக்கியம் திரவம்தான், அதைக் கறை முடிவு செய்யும்.

எண்ணெய், கொழுப்பு, முகத்துக்குப் போடும் கிரீம்: அசிட்டோன். லேசான எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவும் தண்ணீரும் போதும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கறுப்புக் கல்லில் முதலில் ஒரு மூலையில் அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் அசிட்டோன் வேண்டாம்.

காபி, தேநீர், மஞ்சள், இலைச் சாறு போன்ற தாவரக் கறைகள்: ஹைட்ரஜன் பெராக்சைடு. கல் வேலைக்கு 12 சதவீதக் கரைசல் வழக்கம். மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதமும் வேலை செய்யும், இரண்டு மூன்று முறை கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். பெராக்சைடு வெளுக்கவைக்கும் பொருள், அடர் நிறக் கல்லில் சோதித்துப் பார்க்காமல் போடாதீர்கள். கையுறை கட்டாயம்.

துருக் கறைதான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. பொதுவாக விற்கும் துரு நீக்கிகள் அமிலம். மார்பிளில் துருவோடு மார்பிளும் போகும். சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்போ இருக்கும். அது கிரானைட்டையே அரிக்கும், தோலில் பட்டால் மிக ஆபத்து. வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். கல்லுக்கென்று விற்கும் நியூட்ரல் வகை துரு நீக்கி உண்டு. பூசியதும் இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக மாறும், அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றமும் வரும். அப்படியானால் வேலை செய்கிறது என்று அர்த்தம். கல்லுக்குள்ளேயே இரும்புத் தாது இருந்து, அது ஈரம் பட்டுத் துருவேறினால் மேலே எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கும். ஈரத்தை நிறுத்துவதுதான் அதற்கு வழி.

இனி போடும் முறை. முதலில் கறைபட்ட இடத்தைச் சுத்தமான தண்ணீரால் நனையுங்கள்; அசிட்டோன் பத்து என்றால் தண்ணீருக்குப் பதில் அசிட்டோன். தூளைத் தோசை மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து வழியாத பதத்துக்குக் குழையுங்கள். கறையின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்கு, 6 முதல் 12 மி.மீ. கனத்தில் அப்புங்கள். உள்ளே காற்றுக் குமிழி இருக்கக்கூடாது. மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டி, 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள்.

பெரும்பாலோர் தவறு செய்வது இதற்கடுத்த கட்டத்தில். தாளை எடுத்ததும் ஈரப் பத்தைச் சுரண்டி எறிந்துவிடுகிறார்கள். தாள் மூடியிருந்த நேரத்தில் திரவம் உள்ளே இறங்கிக் கறையைக் கரைத்திருக்கிறது, அவ்வளவுதான். கறை இன்னும் கல்லுக்குள்தான் இருக்கிறது. பத்து காயும்போதுதான் அந்தத் திரவம் மேலே ஏறி, கறையையும் தூளுக்குள் இழுத்து வருகிறது. தாளை எடுத்துவிட்டு, பத்து முழுக்க உலர்ந்து விளிம்பு வெடிக்கும்வரை காத்திருங்கள். அப்புறம் மர ஸ்பேச்சுலாவால் எடுத்து, கழுவித் துடையுங்கள். பாதிக் கறை போயிருந்தால் நல்ல செய்தி: மறுபடி போடுங்கள். பழைய எண்ணெய்க் கறைக்கு நான்கைந்து முறைகூட ஆகலாம்.

நான்காம் படி: தழும்பும் கீறலும்

மெருகூட்டிய மார்பிளில் லேசான தழும்பு, விரல் நகத்தில் தட்டுப்படாத அளவு என்றால், கையாலேயே சரிசெய்யலாம். மார்பிள் பாலிஷிங் பவுடர் என்று கிடைப்பதில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடும் ஆக்சாலிக் அமிலமும் இருக்கும்; அதனால் கையுறை போடுங்கள். தழும்பின் மேல் ஒரு தேக்கரண்டி பவுடர், கொஞ்சம் தண்ணீர். ஈரமான ஃபெல்ட் பேடால் அழுத்தித் தேயுங்கள். முதலில் பால் மாதிரி ஓடும், இரண்டு மூன்று நிமிடத்தில் களிம்பாகும், பேடு இழுத்துப் பிடிக்க ஆரம்பிக்கும். அந்த இழுவை வரும்போதுதான் பளபளப்பு ஏறுகிறது. காயவிடாமல், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்துச் சாய்வாகப் பாருங்கள். வளையம் பாதியாகக் குறைந்திருந்தால் இன்னொரு தடவை.

நகத்தில் தட்டுப்பட்டால் பவுடர் போதாது. டைமண்ட் பேடுகள் வேண்டும்: 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று எண் ஏற ஏற மென்மை. ஆழமான கீறலுக்கு 100 அல்லது 200-இல் தொடங்குங்கள். நடுத்தரத் தழும்புக்கு 400 போதும். எந்த எண்ணில் தொடங்கினாலும் நடுவில் ஒன்றைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு பேடின் வேலையும் முந்தைய பேடு போட்ட கோடுகளை அழிப்பது மட்டுமே. ஒரு பேடால் கிழக்கு மேற்காகத் தேய்த்தால் அடுத்ததால் தெற்கு வடக்காக. பழைய திசைக் கோடு ஒன்றுகூடத் தெரியாதபோது அடுத்த எண்ணுக்குப் போங்கள். இரண்டுக்கும் நடுவில் சேற்றைச் சுத்தமாகக் கழுவுங்கள். 100-இன் ஒரே ஒரு துகள் 1500 பேடுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் முதலிலிருந்து வர வேண்டியதுதான். நான் வந்திருக்கிறேன்.

தழும்பின் அளவுக்கே தேய்த்தால் குழி விழும், வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடியில் முகம் கோணுவது போல இருக்கும். தழும்பைவிட மூன்று நான்கு மடங்கு பரப்பை எடுத்து, ஓரத்துக்குப் போகப்போக அழுத்தத்தைக் குறையுங்கள். 3000 முடிந்ததும் மேலே சொன்ன பவுடர். பளபளப்பில்லாத, மேட் முடிப்புக் கல் என்றால் அதிர்ஷ்டசாலி நீங்கள். 400-ஐ ஒட்டிய பேடில் சுற்றிச் சுற்றித் தேய்த்து, சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகும்போது நிறுத்திவிடலாம்.

கிரானைட்டின் மெருகு மங்கியிருந்தால் வீட்டில் முயல வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் கடினத்துக்குத் தொழிற்சாலை இயந்திரத்தின் எடையும் அழுத்தமும் தேவை. கையில் பிடிக்கும் கிரைண்டரால் செய்த இடம் திட்டாகத் தனியே தெரியும்.

இயந்திரம் எடுத்தால் இரண்டு எச்சரிக்கை. கிரானைட், மணற்கல், ஸ்லேட், குவார்ட்சைட் எதையும் உலர்வாகத் தேய்க்காதீர்கள்; அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தரும், அதற்குத் தீர்வு கிடையாது. தண்ணீர் விட்டே தேயுங்கள், என்95 முகமூடியும் போடுங்கள். அடுத்தது, தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கின்றன. 30 மில்லிஆம்பியரில் ட்ரிப் ஆகும் பாதுகாப்பு பிரேக்கர் உள்ள இணைப்பில் மட்டும் இயந்திரத்தை மாட்டுங்கள்.

ஐந்தாம் படி: விரிசல், ஓட்டை, இணைப்பு

நகம் மாட்டாத கோடு கல்லின் இயற்கைக் கோடு, அதை விட்டுவிடுங்கள். நகம் மாட்டினால் விரிசல். உள்ளே இருக்கும் அழுக்கை ஊசியால் கிளறி, அசிட்டோன் துணியால் துடைத்து, இருபுறமும் டேப் ஒட்டி, அதே கல்லின் தூளைக் கலந்த எபாக்ஸி பசையை மேடு தட்டும்படி நிரப்புங்கள். இறுகியபின் பிளேடால் மட்டமாகச் சீவலாம். டிராவர்டைன் ஓட்டைகளுக்கும் இதே முறை.

வெளியே இருக்கும் மென்மையான கல்லின் இணைப்புகளைக் கெட்டி சிமெண்டால் அடைக்காதீர்கள். சிமெண்ட் ஈரத்தை விடாது, ஈரம் கல் வழியாக வெளியேறி, கல் உதிரும், இணைப்பு மட்டும் கம்பீரமாக நிற்கும். அதற்குப் பதில் சுண்ணாம்புச் சாந்து: கல் தேய்வதற்கு முன் அதுவே தேயும். உடைந்த துண்டைப் பொருத்த ஆணி வைக்க வேண்டுமானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். ஏதென்ஸின் பழங்காலப் பார்த்தினான் கோயிலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் சாதாரண இரும்புக் கவ்விகளைப் போட்டார்கள்; அவை துருப்பிடித்துப் பருத்து மார்பிளையே பிளந்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்தார்கள்.

ஆறாம் படி: காயவிடுதல்

யாருக்கும் பிடிக்காத படி இது. மேலே தொட்டால் காய்ந்திருக்கும் கல்லின் உள்ளே ஈரம் இருக்கும். ஈரமிருக்கும் துளையில் சீலர் இறங்காது. உள்ளறையில் குறைந்தது 24 மணி நேரம், தண்ணீர் ஊற்றித் தேய்த்த தரைக்கு மூன்று நாள். கல் இடுக்குகளை அடைக்கும் க்ரவுட் புதிதாகப் போட்டிருந்தாலும் மூன்று நாளாவது பொறுங்கள். சந்தேகமாக இருந்தால் முழம் அகலப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ கல் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை.

ஏழாம் படி: சீலர் வேண்டுமா, எந்தச் சீலர்?

எல்லாக் கல்லுக்கும் வேண்டியதில்லை. நான்கைந்து இடங்களில், குறிப்பாக சிங்க் அருகிலும் அடுப்பருகிலும், ஒரு ஸ்பூன் தண்ணீரை வட்டமாக விடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கல் கறுத்தால் உறிஞ்சும் கல், சீலர் அவசியம். பதினைந்து நிமிடம்வரை தாக்குப்பிடித்துப் பிறகு கறுத்தால் ஒரு பூச்சு போதும். அரை மணி நேரத்துக்குப் பிறகும் துடைத்த இடம் மாறாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். அடர்த்தியான கறுப்புக் கல்லில் பூசும் சீலர் உள்ளே போக இடமில்லாமல் மேலேயே காய்ந்து, மேகம் படிந்தது போல ஆகும்.

சீலரில் இரண்டு வகை. மேலே படலமாக நிற்பவை: அக்ரிலிக், பாலியூரித்தேன், மெழுகு. உடனே பளபளக்கும். கீறலும் காலடியும் அந்தப் படலத்தில்தான் விழும், சில வருடத்தில் உரித்துவிட்டு மறுபடி பூச வேண்டும். ஈரம் ஏறும் கல்லில் உரியும், குமிழும். பழைய படலம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க, ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன். பிசுபிசுத்தால் இருக்கிறது, முதலில் அதை நீக்க வேண்டும்.

உள்ளே இறங்குபவை: சிலேன், சிலாக்சேன், ஃபுளோரோபாலிமர். துளைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டு திரவத்தைத் தள்ளும், ஆவியை விடும், தோற்றத்தை மாற்றாது. சிலேன் மூலக்கூறு சிறியது, ஆழமாகப் போகும். எண்ணெயையும் தடுக்க வேண்டிய சமையல் மேடைக்கு ஃபுளோரோ வகையே நல்லது, சிலேனும் சிலாக்சேனும் தண்ணீரை விரட்டுவதில்தான் கெட்டி. வீட்டுக் கல்லுக்கு இந்த இரண்டாம் வகையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். நனைந்த கல்லின் அடர் நிறம் பிடித்திருந்தால் நிறம் கூட்டும் சீலர் உண்டு; ஆனால் பூசியபின் பழைய நிறத்துக்குத் திரும்புவது பெரும்பாடு.

எதை வாங்கினாலும் ஒன்று மட்டும்: இது கறைக்கு எதிரான அவகாசம் தரும், எண்ணெய் சிந்தினால் துடைக்க நேரம் கிடைக்கும். அமிலம் கல்லின் மேற்பரப்பைத் தொடுவதை உள்ளே இருக்கும் சீலர் தடுக்காது. சீலர் போட்ட மார்பிளிலும் எலுமிச்சை வளையம் விழும்.

எட்டாம் படி: பூசுதல்

முதலில் மறைவான ஒரு சாண் இடத்தில் பூசி ஒரு நாள் பாருங்கள். வெயில் நேரடியாகப் படும் கல், கைக்குச் சுடும் கல் இரண்டும் வேண்டாம். சீலர் இறங்கும் முன்பே காய்ந்துவிடும். 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் நல்லது. கண்ணாடி, மரம், உலோக ஓரங்களில் மாஸ்கிங் டேப். கரைப்பான் அடிப்படையிலான சீலர் என்றால் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக்கூடாது.

ஒரே நேரத்தில் இரண்டு கை எட்டும் பரப்பை மட்டும் எடுங்கள். நூல் உதிராத துணியிலோ தட்டைப் பஞ்சிலோ சீலரை நனைத்துச் சீராகப் பரப்புங்கள். லேபிளில் சொன்ன நேரம்வரை, வழக்கமாக 5 முதல் 15 நிமிடம், பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். எங்காவது உறிஞ்சி உலர்ந்தால் அங்கே மட்டும் கொஞ்சம் தொட்டு வையுங்கள். நேரம் ஆனதும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் துடையுங்கள். துணி நனைந்தால் அடுத்த துணி. ஒரு மேடைக்கு ஐந்தாறு துணியாவது வேண்டும். ரொம்ப உறிஞ்சும் கல்லுக்கு லேபிள் சொல்லும் இடைவெளியில் இரண்டாம் பூச்சு.

துடைக்கும் நேரத்தில் ஒருமுறை எனக்குத் தொலைபேசி வந்தது. திரும்பி வந்தபோது மேடையின் பாதி பசை தடவியது போல, கை ரேகை பதியும் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஆனால் பதறிச் சுரண்டாதீர்கள். அதே சீலரை அதன்மேல் மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்த மிச்சம் இளகும். இரண்டு நிமிடத்தில் அழுத்தித் துடைத்தால் வந்துவிடும். பல நாள் காய்ந்திருந்தால் அந்தச் சீலருக்கு என்ன கரைப்பானோ அதைத் துணியில் தொட்டு, வெள்ளைப் பேடால் மெதுவாகத் தேய்க்க வேண்டும்.

நடக்க சில மணி நேரம், தண்ணீர் பட 24 மணி நேரம், முழுப் பலம் வர இரண்டு மூன்று நாள். அதுவரை மேடையில் எண்ணெய்ப் பாத்திரம் வைக்காதீர்கள். கரைப்பானில் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாமல், வெளியே விரித்து முழுக்கக் காயவிட்டு எறியுங்கள்.

மறுபடி எப்போது பூசுவது? டப்பாவில் "பத்து வருடம்" என்று போட்டிருந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பாருங்கள். குழாயைச் சுற்றியுள்ள ஒரு சாண் இடம்தான் முதலில் கறுக்கும்; அங்கே தினமும் தண்ணீரும் சோப்பும் படுகிறது. அப்போது முழு மேடைக்கும் பூச வேண்டியதில்லை, அந்த ஒரு சாணைக் காயவைத்து அங்கே மட்டும் பூசலாம். அதற்காகவே மிச்சச் சீலரை மூடி இறுக்கி, திறந்த தேதியை டப்பாமேல் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.